யாங்ஜி அக்காவின் எண்பத்தெட்டுப் படிகள்

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் யாங்ஜி அக்கா. கையில் வெண்ணெய்த் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் மாடியிலிருக்கும் எங்கள் மலையேற்ற அலுவலகத்தின் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. கீழே யாரோ படியேறி வருகிறார்கள்.

“அம்பத்து மூணு” என்கிறார் அக்கா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நின்னுட்டான். பல் டாக்டர் போர்டப் படிக்கறானாம். நேபாளி எழுத்து தெரியுமா அவனுக்கு?”

மறுபடி காலடிகள் கேட்கின்றன, முன்னைவிட வேகமாக. எண்பத்தெட்டாவது படி முடிந்ததும் ஒரு ஜெர்மன்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தோள். மூச்சு வாங்குவது தெரியக்கூடாதென்று வாயை இறுக மூடிக்கொண்டு சிரிக்கிறார். மூக்கு மட்டும் விரிந்து விரிந்து சுருங்குகிறது.

“வாங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்கிறார் அக்கா.

மகாலு மலைக்குப் போக வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறப்பவர்களிடமிருந்து காற்று மட்டும் வரும். ஜெர்மன்காரருக்கு முட்டை என்ற ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க மூன்று தவணை தேவைப்பட்டது. அதே வாரம் வந்த ஆஸ்திரியக்காரப் பெண்மணி ஹெல்கா மாடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, வாசலுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, “செத்தேன். அதைக் கேட்காமல் தண்ணீர் கொடுங்கள்” என்றார். அக்காவுக்கு ஹெல்காவைப் பிடித்துவிட்டது.

“மூச்சு வாங்குனா தப்பில்ல. மலையில எல்லாருக்கும் வாங்கும். மறைக்கறான் பாரு, அவன்தான் வம்பு. இந்த ஜெர்மன்காரன் கீழ படுத்து எந்திரிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே ஏழாயிரம் மீட்டருக்கு மேல போவான். அங்க போய் பொத்துன்னு விழுவான்” என்றார் என்னிடம்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. பழுது ஒன்றும் இல்லை. ஆனால் மலையேறுகிறவர்கள் வரும் நாட்களில் அக்கா ‘பழுது’ என்று எழுதிய அட்டையைத் தரைத்தளத்து லிஃப்ட் கதவில் மாட்டிவிடுவார். ஐந்தாம் மாடிக் கதவில் இன்னொரு அட்டை வருஷம் முழுக்கத் தொங்கும். இறங்கும்போதும் நடந்தே இறங்க வேண்டும் என்பதற்காக. “ஏறறதக் கேட்டா பாதிதான் தெரியும். இறங்கறதக் கேக்கணும். மலையில செத்தவன்ல பாதிப் பேர் இறங்கறப்பதான் போயிருக்கான்” என்பார். வந்தவர் விடைபெற்றுப் போனதும் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். கடைசிப் படியின் சத்தம் அடங்கினால்தான் தேநீர்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் உர்கேன். நானும் ஷெர்பாதான். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. மொட்டைமாடியில் துணி காயப்போட என் மனைவி போவாள், நான் படிக்கட்டில் நின்று கிளிப்பை எடுத்துக் கொடுப்பேன். அலுவலகத்தில் என் நாற்காலி சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். என் வாழ்நாள் சாதனை ஒரு முறை ஹெலிகாப்டரில் அடிவார முகாமுக்குப் போனது. அங்கே இருபது நிமிடம் இருந்தேன். அதில் பதினெட்டு நிமிடம் குழுவின் டாக்டருடைய தொப்பிக்குள் தலையை வைத்திருந்தேன். ‘உங்கள் கனவின் உச்சிக்கு நாங்கள் துணை’ என்று எங்கள் விளம்பரத்தாளில் எழுதியவன் நான்தான். மனுக்கள், அனுமதிப் பட்டியல், காப்பீடு, கடிதம் எல்லாம் என் பொறுப்பு. அட்டை தொங்கினாலும் தொங்காவிட்டாலும் லிஃப்ட்டில் வந்துபோகிற ஒரே ஷெர்பாவும் நான்தான். அக்கா என் விஷயத்தில் காதை மூடிக்கொள்வார்.

யாங்ஜி அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளம், அகலம். கோடு போட்ட முன்கட்டுத் துணிக்கு மேலே, மலைக்கு வந்த எவரோ விட்டுப்போன, இறகு அடைத்த கையில்லாத குளிர்ச்சட்டை. முதுகில் எந்த நாட்டுக் கொடி என்று அவருக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடியை மலைக்கயிற்றின் துண்டில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். மலைக்குப் போகும் சாமான் அடைத்த நீலப் பீப்பாயை ஒரு கையால் அரைச்சாண் தூக்கி, “இருவத்தொம்பது முக்கால்” என்பார். தராசும் அதையே சொல்லும். சுமைக்காரரின் முதுகுக்கு முப்பது கிலோ. அதற்கு மேல் ஒரு வெங்காயம் ஏறினாலும் பீப்பாயைத் திறந்து அந்த வெங்காயத்தை எடுத்துவிடுவார். பத்தொன்பது வருஷமாக எட்டாயிரம் மீட்டர் மலைகளுக்கு ஆட்களை அனுப்புகிறவர், அடிவார முகாமுக்கு மேலே ஒரு அடி வைத்ததில்லை. “எனக்கு மேல என்ன வேலை? அங்க சமையக்கட்டா இருக்கு?”

திட்டம் போடுவது ஒரு பித்தளைத் தாம்பாளத்தில். நான் கணினியில் வண்ண வண்ணமாகக் கட்டம் போட்டுக் கொடுப்பேன். அக்கா அதை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, தாம்பாளத்தை இழுத்துக்கொள்வார். ஓரத்தில் ஒரு பெரிய கிண்ணம், அது அடிவார முகாம். அப்புறம் நாலு மரக் கோப்பைகள், நாலு மேல் முகாம்கள். கடைசியில் ஒரு சின்ன உப்புக் கிண்ணம், அது உச்சி. நம் ஆட்கள் அக்ரோட்டுக் கொட்டைகள். வந்தவர்கள் புளிப்பான லப்சிப்பழ மிட்டாய்கள். ஏன் மிட்டாய் என்று கேட்டேன். “ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக்குல சுத்தியிருக்குல்ல” என்றார். ஆக்ஸிஜன் குடுவைக்கு வறுத்த சோயாக் கொட்டை.

பிறகு நாள் நாளாக நகர்த்துவார். முதல் முகாமுக்கு நாலு அக்ரோட்டு ஏறும், பன்னிரண்டு சோயா ஏறும், இரண்டு அக்ரோட்டு இறங்கும். மிட்டாய்கள் ஏறித் தூங்கி இறங்கும். தீர்ந்த ஆக்ஸிஜனை அக்கா வாயில் போட்டு மென்றுவிடுவார். தாம்பாளத்தில் மிச்சமிருப்பதுதான் மலையில் மிச்சமிருப்பது. கையை விட்டு எண்ணினால் போதும். உப்புக் கிண்ணத்தில் எதையும் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கமாட்டார். முழுத் திட்டமும் ஒரு தரம் ஓடி முடிவதற்குள் அவருக்கு வயிறு உப்பிவிடும். “இந்த வருஷம் கேஸ் அதிகம்” என்று அவர் சொன்னால் அது ஆக்ஸிஜனைப் பற்றியா என்று நான் கேட்பதில்லை.

உச்சியை நோக்கிப் போகிற நாளில் பகல் ஒரு மணிக்கு எல்லோரும் திரும்பிவிட வேண்டும். உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும் ஒரு மணி என்றால் ஒரு மணி. ஆனால் அக்கா அதைத் திரும்பும் நேரம் என்று சொல்லமாட்டார். சோத்து நேரம் என்பார். “திரும்புன்னு சொன்னா ஆம்பளைக்கு ரோஷம் வரும். சாப்பிட வான்னா வந்துடுவான்.” மேலே வானொலிக் கருவியில், “சோத்து நேரம் ஆச்சு, வாங்க” என்று கேட்டால் நம் ஆட்கள் கயிற்றைத் திருப்பிப் பிடித்துவிடுவார்கள்.

ஜெர்மன்காரரின் மிட்டாய்க்குப் பக்கத்தில் சோங்பாவின் அக்ரோட்டை வைத்தார். எங்கள் குழுவில் சோங்பாவைப் போல் பிடிவாதக்காரர் கிடையாது. “பொண்டாட்டி சொல்லியே கேக்காதவன், இந்த ஜெர்மன்காரன் சொல்லியா கேக்கப்போறான்?” என்று காரணம் சொன்னார். தண்ணீர் குடித்தபிறகு ஹெல்கா சொன்ன பதிலின்படி அவருக்கு இரண்டாம் முகாமில் ஒரு பொட்டலம் ஊறுகாய் மீனுக்கு ஏற்பாடானது. காலையில் சாப்பிட்டதைக் கேட்கிற கேள்விக்கு இப்படி இரண்டாவது உபயோகமும் உண்டு. உயரத்தில் பசி செத்துவிடும். அப்போது எதைக் கண்டால் வாய் ஊறும் என்பது அக்காவின் நோட்டில் ஆளுக்கு ஒரு வரியாக இருக்கும்.

அவர் தலைக்கு மேலே சுவரில் மூன்று நாட்காட்டிகள். அனுமதிப் பட்டியல் நேபாளி தேதியில் போகும், வருகிறவர்கள் ஆங்கிலத் தேதியில் வருவார்கள், பூஜை லாமாவின் பஞ்சாங்கத்தில் நடக்கும். லாமாவின் பஞ்சாங்கத்தில் சில மாதம் ஒரு தேதி இரண்டு தடவை வரும், சில மாதம் ஒரு தேதி வராமலே போகும். சில வருஷங்களுக்கு முன்னால் அப்படிக் காணாமல்போன தேதியில் நான் பூஜையைக் குறித்துவிட்டேன். பூஜை முடியாமல் நம் ஆள் ஒருவரும் அடிவார முகாமைத் தாண்டமாட்டார். லாமா மறுநாள்தான் வந்தார். பதினாறு பேர் ஒரு நாள் முழுக்க உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, மேகமே இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து பனி கொட்டியது. இப்போதும் யாராவது வானத்தைப் பார்த்து, “என்னா தெளிவு” என்றால் சொல்லி முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

தாம்பாளத்தின் அக்ரோட்டுகளில் ஒன்று மட்டும் கறுப்பு. மற்றவை வருஷா வருஷம் புதிதாக வரும், வேலை முடிந்ததும் உடைத்துத் தின்றுவிடுவோம். கறுப்பு பத்தொன்பது வருஷமாக அதேதான். எண்ணெய் தடவித் தடவி வழவழப்பாகிவிட்டது. அது கியால்சென் அண்ணன், அக்காவுடன் பிறந்தவர், எங்கள் குழுத் தலைவர். மகாலுவின் உச்சியில் நாலு தடவை நின்றவர். இந்த வருஷம் எங்களிடம் பதிந்த ஆறு பேரில் நாலு பேர் அவர் பெயரைக் கேட்டு வந்தவர்கள். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். கயிற்றில் முடிச்சுப் போட்டால் அவிழ்ப்பதற்கும் அவரையே கூப்பிட வேண்டும்.

இந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் கவனித்தது தை மாதக் கடைசியில். கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் டீ குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் அதே வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அண்ணே, வாங்க. இது நல்லாத்தான் ஓடுது” என்று அட்டையை விலக்கி லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன்.

“எனக்குத் தெரியும்டா ஓடுதுன்னு.” கொஞ்சம் யோசித்தார். “மேல நின்னா மணி அடிக்குமே. அவளுக்குக் கேக்கும்.”

“நாலாவதுல இறங்கிக்குவோம். கடைசி பதினேழு படியச் சத்தமா ஏறிடுவோம்” என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் இது நடந்தது. நாலாம் மாடியில் இறங்குவோம். நான் முன்னால் போய் தடதடவென்று மிதித்துக் காட்டுவேன், அவர் பின்னால் நிதானமாக வருவார். பதினேழு படியை எண்பத்தெட்டு மாதிரி கேட்கவைக்கிற கலையில் நான் தேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். மகாலுவில் நாலு தடவை நின்ற மனிதருக்கு ஏறுகிற வழியைக் காட்டிக்கொடுத்தவன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

காட்டிக்கொடுத்தவர் மூன்றாம் மாடிப் பல் டாக்டர். அந்த அட்டையால் அவருக்கும் அக்காவுக்கும் வெகுநாள் சண்டை. ஒரு புதன்கிழமை மத்தியானம் கையுறைகூடக் கழற்றாமல் மேலே வந்துவிட்டார்.

“இங்க பாருங்கம்மா. என்கிட்ட வர்றவங்க வீங்கின கன்னத்தோட மூணு மாடி ஏறி வர்றாங்க. வாயத் திறந்தா என்னைத்தான் திட்டறாங்க. லிஃப்ட் பழுதுன்னா எல்லாருக்கும் பழுதா இருக்கணும். உங்க அண்ணன் மட்டும் தினமும் அதுல போறார், வர்றார். கூட இந்த ஆளு வேற, காவலுக்கு” என்று என்னைக் காட்டினார்.

அக்கா அவருக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்து, இனிமேல் அட்டையில் ‘மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவதாகச் சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு தாம்பாளத்திலிருந்து கறுப்பு அக்ரோட்டை எடுத்து முன்கட்டுத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு கடிதத்தின் முதல் வரியை ஏழெட்டு முறை அடித்து அழித்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நான் துணைக்குப் போகாததால் சத்தம் குறைவாகவே இருந்தது. அவர் வாசலில் கால் வைத்ததும் அக்கா கண்ணைத் திறந்தார்.

“பதினேழு. என்ன அண்ணே, கட்டடம் குட்டையாயிடுச்சா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன்.

“முழங்கா புள்ள. குளிருக்குக் கொஞ்சம் புடிச்சுக்குது.”

“முழங்கான்னா காலடி மாறும். உன் காலு நல்லாத்தான் இருக்கு. மாறுனது இங்க.” தன் நெஞ்சில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார் அக்கா. “தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு மாசமா நீ உள்ள வந்தா உர்கேன் வேர்த்து நிக்கறான், நீ வேர்க்காம நிக்கற. ஏதோ ரெண்டு பேரும் சிகரெட் புடிக்கப் போறீங்கன்னு நெனச்சுக்கணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தப் பல்லுக்காரன் வந்து சொல்ற வரைக்கும்.”

அண்ணன் உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தேநீர் ஊற்றினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். நம்மவர்களுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிறந்த வருஷத்து மிருகமே திரும்பி வரும், அது தடை வருஷம். அந்த வருஷத்தில் பெரிய காரியத்தில் இறங்காமலிருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

“இது பாம்பு வருஷம். நீ பாம்பு. தடை வருஷம், லாமா ஏறக்கூடாதுன்னுட்டார்னு ஊருக்குச் சொல்லிக்கலாம். மூச்சு விஷயம் இந்த ரூம்ல இருக்கற மூணு பேரோட நிக்கட்டும்.”

“லாமா சொன்னாரா?”

“கேட்டா சொல்லுவார்.”

“பாஸ்போர்ட்டுல நான் சேவல்” என்றார் அண்ணன்.

உண்மைதான். பாஸ்போர்ட் மனுவை எழுதியவன் நான். அவர் ஊரில் பிறந்த தேதியை எழுதிவைக்கிற வழக்கமில்லாததால், வருகிறவர்களுக்கு இளமையாகத் தெரியட்டும் என்று நாலு வருஷத்தை என் பேனாவாலேயே குறைத்திருந்தேன்.

“சேவல்னா கூவு. ஒரே மூச்சுல கூவு, பாக்கலாம்” என்றார் அக்கா.

அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அக்கா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நாலு பேரும் என் பேரக் கேட்டு வந்தவங்க. நான் கீழ உக்காந்து வெங்காயம் உரிக்கணுமா? அதுக்கு மலையே வேணாம்” என்றார் அண்ணன்.

“ஏழாயிரத்து எண்ணூறுல நீ உக்காந்துட்டா உன்னத் தூக்க நம்ம ஆளுங்க நாலு பேர் வேணும் அண்ணே. உன்ன விட்டுட்டு இறங்குங்கன்னா அவனுங்க இறங்கமாட்டானுங்க. அதான் எனக்கு பயம். அந்த நாலு பேர் வீட்டுலயும் அடுப்பு எரியுது.”

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “பட்டியல் வெள்ளிக்கெழமதான குடுக்கணும்? அன்னிக்குக் காலைல கீழேருந்து ஏறி வரேன். எண்ணிக்க.”

“எம்பத்தெட்டும்?”

“எம்பத்தெட்டும்.”

அவர் போனபிறகு அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “பாவம்னு நெனச்சுதான செஞ்ச?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அவர்மேல் பாவப்பட்டு நான் செய்யவில்லை. இத்தனை வருஷம் தனியாக லிஃப்ட்டில் போய்க்கொண்டிருந்தவனுக்கு ஒரு மலைவீரன் துணைக்குக் கிடைத்தானே என்ற சந்தோஷம். எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க அக்கா தாம்பாளத்தோடு இருந்தார். கறுப்பு அக்ரோட்டை முன்னால் விட்டு ஒரு தரம் மலையேறி இறங்கினார். அதைப் பெரிய கிண்ணத்தில் வைத்துவிட்டு, சோங்பாவை முன்னால் விட்டு இன்னொரு தரம் ஏறி இறங்கினார். இரண்டாவது தரம் சோத்து நேரம் பகல் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது, மூன்றாம் முகாமில் ஒரு கூடாரம் கூடியது. ஒரே நாளில் இரண்டு மலைக்கான ஆக்ஸிஜனையும் தின்றதால் ராத்திரிச் சோறு வேண்டாமென்றார். அனுமதிப் பட்டியலையும் இரண்டு விதமாக அடித்து வைக்கச் சொன்னார். ஒன்றில் முதல் வரி கியால்சென், மற்றதில் சோங்பா. “ரெண்டு பேராவது விலகிடுவாங்க அக்கா” என்றேன். “விலகட்டும். போகாதவன் ஒருத்தனும் மலையில செத்ததில்ல” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நான் சீக்கிரமாகவே போய்விட்டேன். முதல் முறையாக எண்பத்தெட்டுப் படியும் ஏறிப் போனேன். ஏறி முடித்து நான் நின்ற நிலையைச் சொன்னால் இந்தக் கட்டுரையின் கதாநாயகன் நானாகிவிடுவேன், ஆகவே வேண்டாம். தாம்பாளம் மேசையின் நடுவில் இருந்தது. கறுப்பு அக்ரோட்டு நாலாவது கோப்பையில், உப்புக் கிண்ணத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது. நான் பெரிய கிண்ணத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எட்டு மணிக்குக் காலடி கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். பதினெட்டு, முப்பத்தாறு. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. கடிகார முள்ளைப் போல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஐம்பத்து மூன்றில் பல் டாக்டரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. காலடி நிற்கவில்லை. நின்றுவிடு அண்ணே என்று ஒரு படிக்கும், நிற்காதே என்று அடுத்த படிக்கும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் உதடு எண்களைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்று. எண்பது. எண்பத்தெட்டு.

ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஏறி வந்துவிட்டார். வாசலில் நேராக நின்றார். தொப்பி சாயவில்லை. முகம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஜெர்மன்காரரின் ஞாபகம் வந்தது, வரக்கூடாதென்று நினைத்தும் வந்தது.

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். கேட்காமல் விட்டுவிடலாம். எண்பத்தெட்டு என்றுதான் பந்தயம், கேள்வி பந்தயத்தில் இல்லை. அந்தக் கேள்வியை அவர் தொண்டைக்குள் ஒரு தரம் விழுங்கியதை நான் பார்த்தேன்.

“காலைல என்ன சாப்பிட்ட அண்ணே?”

அண்ணன் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி முயன்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. அக்கா எழுந்து போய்த் தாங்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அண்ணன் மெதுவாக மேசைக்கு வந்தார். தாம்பாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மலையைக் கீழேயிருந்து பார்க்கிறவர் போல. நாலாவது கோப்பையில் விரலை விட்டுக் கறுப்பு அக்ரோட்டை எடுத்தார். மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொரு கோப்பையையும் தொட்டுக்கொண்டே இறக்கி, பெரிய கிண்ணத்தில் போட்டார். மரக்கிண்ணத்தில் கொட்டை விழுந்த சத்தம் சின்னதாகக் கேட்டது.

“உருளக்கெழங்கு ரொட்டி” என்றார் அதற்கப்புறம்.

“எத்தன?”

“ரெண்டு.” இன்னும் கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டார். “ரேடியோ என் கையில இருக்கணும். சோத்துக்கு நான்தான் கூப்பிடுவேன்.”

“நீதான் கூப்பிடணும். நீ கூப்பிட்டாதான் வருவானுங்க.”

“ஊருக்குப் பாம்புன்னே சொல்லிக்க.” என் பக்கம் திரும்பினார். “நீ என்னடா அழற? நாலு வருஷத்த நீயே திரும்ப எழுதிக் குடு.”

சோங்பாவின் பெயர் முதலில் இருந்த பட்டியலை உறையில் போட்டேன். அக்கா முன்கட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் உட்கார்ந்து, அக்காவின் கிண்ணத்தில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார், வழக்கம்போல் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். முதல் படியில் கால் வைக்கப்போனவரைத் தாண்டிக்கொண்டு அக்கா லிஃப்ட் கதவுக்குப் போனார். கொக்கியிலிருந்து அட்டையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பொத்தானை அமுக்கினார். மணி அடித்தது. கதவு திறந்ததும், அது மூடிவிடாதபடி ஒரு கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, அண்ணன் வந்து ஏறும்வரை அப்படியே நின்றார்.